கராஜ் சுவரில் 240 வோல்ற்: ஒரு மின் குதையின் வரலாறு

வட அமெரிக்காவில் வீடு வாங்கும் எம்மவர்கள் கராஜ் சுவரைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. சமையலறையைப் பார்ப்பார்கள். நிலக்கீழ் தளத்தைப் பார்ப்பார்கள். பாடசாலை எவ்வளவு தூரம், பேருந்து எங்கே நிற்கும் என்று விசாரிப்பார்கள். மின்சாரக் கார் ஒன்று வாசலுக்கு வந்த பின்னரே கராஜ் சுவர் நினைவுக்கு வரும். அப்போது எழும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எத்தனை அம்பியர் 'பிளக் பொயின்ற்' பூட்டவேண்டும்?

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குச் சரியான விடை காண வேண்டுமானால் 1882 ஆம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டியுள்ளது. கடையில் வரிசையாகத் தொங்கும் அந்தப் பெரிய குதைகளில் எதுவுமே முதலில் காருக்காக உருவாக்கப்பட்டதல்ல. ஒன்று அடுப்புக்கு உரியது. இன்னொன்று துணி உலர்த்திக்கு உரியது. மற்றொன்று வெல்டிங் யந்திரத்துக்கு உரியது. எந்த வேலைக்காக எது பிறந்தது என்பதை அறியாமல் அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்வதுதான் பல வீடுகளில் ஆபத்தின் தொடக்கமாக அமைந்துள்ளது.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. சுவரில் பொருத்தப்படுவதைக் 'குதை' என்றும், அதனுள் செல்வதைச் 'செருகி' என்றும் இலங்கைப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. இங்கும் அச்சொற்களையே கையாளுகிறேன். அதேபோல, 240 வோல்ற்றை மக்கள் 'உயர் அழுத்தம்' என்று அழைத்தாலும் பொறியியலாளரின் கணக்கில் அது தாழ் அழுத்தமே. 120 வோல்ற்றுடன் ஒப்பிடும்போதே அது உயர்ந்ததாகிறது.

எடிசனின் மூன்று கம்பிகள்

1882 செப்டெம்பர் 4 ஆம் திகதி நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் தோமஸ் எடிசனின் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது வழங்கியது ஏறத்தாழ 110 வோல்ற் நேரோட்டம். அக்காலத்துக் கரியிழைக் குமிழ்களுக்குப் பொருந்திய அழுத்தம் அது. ஆனால் அழுத்தம் குறைந்தால் அதே வேலைக்கு மின்னோட்டம் கூடவேண்டும். மின்னோட்டம் கூடினால் கம்பி தடிக்கவேண்டும். செம்பின் விலை எடிசனின் கணக்கைச் சிதைத்தது.

இதற்கு எடிசன் கண்ட தீர்வு மூன்று கம்பி முறை. இரண்டு மின்பிறப்பாக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, நடுவிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார்கள். இரண்டு வெளிக் கம்பிகளுக்கும் இடையே 220 வோல்ற் இருக்கும். நடுக் கம்பிக்கும் ஏதாவதொரு வெளிக் கம்பிக்கும் இடையே 110 வோல்ற் இருக்கும். நடுக் கம்பி இரு பக்கச் சுமைகளின் வேறுபாட்டை மாத்திரமே சுமந்தது. இதனால் செம்பில் பாதிக்கு மேல் மிச்சமாயிற்று. 1883 யூலையில் பென்சில்வேனியாவின் சன்பரி என்ற சிற்றூரில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜோன் ஹொப்கின்சனும் அதே காலப்பகுதியில் தனியாக இதே முறையைக் கண்டறிந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் ஆடலோட்டம் வந்தது. 1886 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கிரேற் பாரிங்ரனில் வில்லியம் ஸ்டான்லி மின்மாற்றிகளைக் கொண்டு ஊருக்கு ஒளி கொடுத்துக் காட்டினார். நேரோட்டம் காலப்போக்கில் தோற்றது. ஆனால் எடிசனின் மூன்று கம்பிகள் தோற்கவில்லை. இன்றும் ரொறன்ரோவிலோ சிக்காகோவிலோ ஒரு வீட்டுக்குள் வருவது இரண்டு உயிர்க் கம்பிகளும் ஒரு நொதுமல் கம்பியும்தான். ஒவ்வோர் உயிர்க் கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையே 120 வோல்ற். இரு உயிர்க் கம்பிகளுக்கும் இடையே 240 வோல்ற்.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. 1899 இல் பேர்லின் மின் நிறுவனம் விநியோகத்தை 220 வோல்ற்றுக்கு மாற்றியது. வாடிக்கையாளரின் உபகரணங்களை மாற்றும் செலவைச் செம்பில் கிடைத்த மிச்சமே ஈடு செய்தது. இலங்கையில் நாம் பழகியதும் இந்த உயர்ந்த அழுத்தத்தையே. அங்கே வீட்டின் 230 வோல்ற் என்பது ஓர் உயிர்க் கம்பியும் ஒரு நொதுமலும். இங்கே 240 என்றால் இரண்டும் உயிர்க் கம்பிகள். ஊரில் மின் வேலை பழகிய கைகள் கனடாவில் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் ஆளியைப் போட்டுவிட்டு யந்திரம் அணைந்துவிட்டது என்று நம்பினால், மற்றக் கம்பியில் 120 வோல்ற் காத்திருக்கும். 240 வோல்ற் சுற்றுக்கு இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் இரட்டைப் பிரேக்கர் கட்டாயமாவது இதனாலேயே.

குதையின் உருவம் சொல்லும் செய்தி

வீடுகளுக்கு மின்சாரம் முதலில் விளக்குக்காகவே வந்தது. சுவரில் குதை எதுவும் இருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியோ மின் விசிறியோ வாங்கியவர்கள் குமிழைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கம்பியைத் திருகினார்கள். 1904 இல் ஹார்வி ஹபெல் என்ற அமெரிக்கர், கழற்றக்கூடிய செருகிக்குக் காப்புரிமை பெற்றார். புவிக் கம்பிக்கென மூன்றாவது முள் கொண்ட செருகிக்கு 1928 இல் பிலிப் லாப்ரே காப்புரிமை பெற்றார்.

இதற்கிடையே விதிகளும் உருவாகின. அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவை 1897 இல் முதன்முதலாக வெளிவந்தது. கனடாவின் மின் விதிக்கோவையின் முதற் பதிப்பு 1927 இல் வெளியாயிற்று. மின் உபகரண உற்பத்தியாளர்களின் தேசிய சங்கம் 1926 இல் அமைந்தது. அதன் சுருக்கப் பெயர் 'நீமா'. இன்று நாம் கடையில் கேட்கும் 14-50, 6-50, 14-30 என்ற இலக்கங்கள் அந்தச் சங்கத்தின் ஒழுங்கைச் சேர்ந்தவை.

இந்த இலக்கங்களை வாசிப்பது கடினமல்ல. முதல் இலக்கம் அழுத்தத்தையும் கம்பிகளின் அமைப்பையும் குறிக்கும். இரண்டாவது இலக்கம் அம்பியர். 6 என்று தொடங்கினால் இரண்டு உயிர்க் கம்பிகளும் புவியும், நொதுமல் இல்லை. 10 என்று தொடங்கினால் இரண்டு உயிர்க் கம்பிகளும் நொதுமலும், புவி இல்லை. 14 என்று தொடங்கினால் நான்கும் உண்டு. ஒன்றுக்குரிய செருகி மற்றொன்றுக்குள் நுழையாதபடி அலகுகள் வேண்டுமென்றே வேறு வேறு வடிவில் அமைக்கப்பட்டன.

ஆனால் உருவம் ஒரு விடயத்தைச் சொல்வதில்லை. அந்தச் சுமை எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்பதே அது.

அடுப்பும் உலர்த்தியும்

1892 இல் ஒட்டாவா நகரின் விண்ட்சர் ஹொட்டலில் தோமஸ் அஹேர்ன் என்ற கனடியர் மின்சாரத்தால் சமைத்த விருந்து ஒன்றை வழங்கினார். மின் அடுப்பு சாதாரண வீடுகளுக்கு வருவதற்கு அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் சென்றன. அது வந்தபோது வீட்டின் மற்ற எல்லாப் பொருட்களையும் விட அதிக மின்சாரம் கேட்டது. அதற்காகவே 50 அம்பியர் குதை சமையலறைச் சுவருக்கு வந்தது. துணி உலர்த்திக்கு 30 அம்பியர் குதை வந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அடுப்பின் உலோக உடலைத் தனியான புவிக் கம்பியுடன் இணைப்பதற்குப் பதிலாக நொதுமல் கம்பியுடனேயே இணைக்கலாம் என்று அமெரிக்க விதிக்கோவை சலுகை அளித்தது. பின்னர் உலர்த்திகளும் அச்சலுகையில் சேர்ந்துகொண்டன. போர் முடிந்தது. சலுகை முடியவில்லை. புதிய சுற்றுகளுக்கு அது நிறுத்தப்பட்டது 1996 ஆம் ஆண்டு விதிக்கோவையிலேயே. மூன்று முள் கொண்ட 10-30, 10-50 குதைகள் அக்காலத்தின் எச்சங்கள். நொதுமல் கம்பி எங்காவது விடுபட்டால் யந்திரத்தின் உடலே உயிர்க் கம்பியாகிவிடும் என்பதே அந்த அமைப்பிலுள்ள ஆபத்து. பழைய வீடுகளில் அவை இன்னும் இருக்கின்றன. கராஜுக்கு அருகில் சலவையறை இருந்தால், அந்தப் பழைய குதையிலிருந்து காருக்கு மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போர்க்காலச் சிக்கனத்துக்கு இன்று எமது வீட்டில் இடம் கொடுக்கத் தேவையில்லை.

இவ்விரு யந்திரங்களுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. அடுப்பின் சூடு உரிய அளவை எட்டியதும் அது தானாகவே நின்று, பின்னர் மீண்டும் இயங்கும். நான்கு தட்டுகளும் சூட்டறையும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் பல மணிநேரம் எரிவது எந்த வீட்டிலும் அபூர்வம். உலர்த்தியும் ஒரு மணித்தியாலமளவில் வேலையை முடித்துவிடும். அவற்றின் குதைகளை யாரும் நாள்தோறும் கழற்றி மாட்டுவதுமில்லை. யந்திரம் வாங்கிய நாளில் ஒருமுறை செருகினால் அடுத்தது அதை அகற்றும் நாள்தான். மலிவான வீட்டுக் குதைகள் இந்த வாழ்க்கைக்கே தயாரிக்கப்பட்டன.

வெல்டிங் யந்திரம்

கராஜுக்கு 240 வோல்ற்றைக் கொண்டு வந்த முதல் விருந்தாளிகளுள் ஒருவர் வெல்டிங் யந்திரம். 1929 இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் அப்பிள்ரன் நகரில் நீல்ஸ் மில்லர் என்பவர் சிறிய ஆடலோட்ட வெல்டிங் யந்திரத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். 1936 இன் கிராமிய மின்மயமாக்கற் சட்டத்தின் பின்னர் அமெரிக்கப் பண்ணைகளுக்கு மின்சாரம் பரவியது. உடைந்த கலப்பையைப் பண்ணையிலேயே ஒட்டிக்கொள்ளும் வசதியும் அதனுடன் பரவியது. 6-50 குதை இந்த யந்திரங்களுக்குரியது. நொதுமல் தேவையில்லாததால் மூன்று அலகுகள் மாத்திரம்.

வெல்டிங் செய்பவர் சில நிமிடம் ஒட்டுவார். பின்னர் நிறுத்தித் தட்டிப் பார்ப்பார். அடுத்த கம்பியை எடுப்பார். யந்திரமும் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டது. பத்து நிமிடங்களில் இரண்டு நிமிடம் மாத்திரமே முழு வலுவில் இயங்கக்கூடிய யந்திரங்கள் வீட்டுப் பாவனையில் ஏராளம். இதனை உணர்ந்த விதிக்கோவை அவற்றுக்கு ஒரு விசேட சலுகையை வழங்கியது. இருபது வீத வேலைநேரம் கொண்ட யந்திரத்தின் கம்பியை, அதன் மின்னோட்டத்தின் 45 வீதத்துக்கு ஏற்பத் தெரிவு செய்யலாம். அதாவது 50 அம்பியர் கேட்கும் யந்திரத்துக்கு 22.5 அம்பியர் தாங்கும் கம்பி போதும். வெல்டிங் வேலைக்கு இதில் தவறேதும் இல்லை.

ஆனால் அந்த வீடு கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய உரிமையாளர் கராஜில் 50 அம்பியர் என்று பொறித்த குதையைக் காண்கிறார். பிரேக்கரிலும் 50 என்றே எழுதியிருக்கிறது. சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பி 50 அம்பியருக்குரியதல்ல என்பதைச் சொல்ல எவருமில்லை. அவர் காரைச் செருகிவிட்டு உறங்கச் செல்கிறார். பிரேக்கர் விழாது. கம்பி சூடேறிக்கொண்டேயிருக்கும். பழைய வெல்டிங் குதை உள்ள வீட்டை வாங்கியவர்கள் முதலில் செய்யவேண்டியது, மின் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு உள்ளேயுள்ள கம்பியின் தடிப்பைப் பார்ப்பதே.

ஓய்வறியாத சுமை

14-50 குதைக்கு அடுப்பைத் தவிர இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. வீட்டையே இழுத்துச் செல்லும் சுற்றுலா வண்டிகள் தங்கும் முகாம்களில் மின்சாரக் கம்பங்களில் அது பொருத்தப்பட்டிருந்தது. 2012 இல் ரெஸ்லா நிறுவனம் தனது மொடல் எஸ் காரை விற்பனைக்கு விட்டபோது, அதனுடன் வழங்கிய மின்னேற்றக் கேபிளில் 14-50 செருகியும் இருந்தது. கண்டம் முழுவதும் பரவியிருந்த ஒரு குதையைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனமான முடிவே. அன்றுமுதல் 'கராஜுக்கு 14-50 போடு' என்பது கார் வாங்குவோரிடையே ஒரு வாய்ப்பாடு ஆகிவிட்டது.

ஆனால் கார், வீட்டில் முன்னர் இருந்த எந்தச் சுமையையும் போன்றதல்ல. அது முழு மின்னோட்டத்தையும் ஆறு, ஏழு, எட்டு மணித்தியாலங்கள் இடைவிடாது எடுக்கும். அதுவும் வீட்டிலுள்ள அனைவரும் உறங்கும் நேரத்தில். மூன்று மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் சுமையை அமெரிக்க விதிக்கோவை 'தொடர் சுமை' என்று வகுக்கிறது. அத்தகைய சுமை பிரேக்கரின் அளவில் 80 வீதத்தைத் தாண்டலாகாது. 50 அம்பியர் சுற்றில் 40 அம்பியர். 30 இல் 24. 20 இல் 16.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது பயனுடையது. மின்னோட்டம் பாயும் இடத்தில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். குதைக்குள் இருக்கும் பிடி சற்றுத் தளர்ந்து, தொடும் இடத்தில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டுவிட்டது என்று கொள்வோம். 12 அம்பியர் பாய்ந்தால் அங்கு பிறப்பது ஒன்றரை வோற்றுக்கும் குறைவான வெப்பம். 40 அம்பியர் பாய்ந்தால் 16 வோற். ஈயம் உருக்கி ஒட்டும் சிறிய ஒட்டுக்கோலின் வெப்பத்துக்கு அது சமம். அது ஒரு நெருப்புப் பெட்டியளவு பிளாஸ்திக்குக்குள் இரவு முழுவதும் எரிகிறது. பிடி மேலும் தளர்கிறது. தடை மேலும் கூடுகிறது. பிரேக்கருக்கு இது தெரியாது. மின்னோட்டம் 40 ஆகவே இருப்பதால் அது அமைதியாக இருக்கும். உருகிக் கருகிய 14-50 குதைகளின் படங்கள் பலவற்றின் பின்னாலுள்ள கதை இதுதான்.

மலிவான குதைக்கும் தொழிற்சாலைத் தரக் குதைக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. விலையில் பல மடங்கு வேறுபாடு உண்டு. அந்த விலை உள்ளேயிருக்கும் பிடியின் தடிப்புக்கும், கம்பியை இறுக்கும் திருகாணியின் தரத்துக்கும் கொடுக்கப்படுவது. அண்மைய ஆண்டுகளில் கார் மின்னேற்றத்துக்கென்றே சோதிக்கப்பட்ட குதைகளும் சந்தைக்கு வந்துள்ளன. திருகாணியை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று உற்பத்தியாளர் குறிப்பிட்டிருந்தால், அதை அளவுக் கருவியால் இறுக்கவேண்டும் என 2017 ஆம் ஆண்டின் அமெரிக்க விதிக்கோவை கூறியது. கைப்பழக்கத்தை மட்டும் நம்பிய காலம் அத்துடன் முடிந்தது.

உயிரைக் காக்கும் கருவியும் அதன் சிக்கலும்

கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டல்சியல், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1961 இல் அவர் உருவாக்கிய கருவியே இன்று வட அமெரிக்காவில் ஜி.எஃப்.சி.ஐ. எனப்படுகிறது. இலங்கையில் 'ட்ரிப் சுவிட்ச்' என்று நாம் அழைப்பதன் உறவினர் அது. ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் மின்சாரம் வழிதவறிச் சென்றாலே சுற்றைத் துண்டித்துவிடும். ஈரச் சீமெந்துத் தரை கொண்ட கராஜ்களின் 120 வோல்ற் குதைகளுக்கு அமெரிக்க விதிக்கோவை 1978 இல் இதனைக் கட்டாயமாக்கியது. கார் மின்னேற்றக் குதைகளுக்கு 2017 இலும், கராஜிலுள்ள 240 வோல்ற் குதைகளுக்குப் பொதுவாக 2020 இலும் கட்டாயம் விரிவடைந்தது.

இதில் ஒரு சிக்கல் தோன்றியது. கார் மின்னேற்றிக்குள்ளேயே இதே வகைக் காவல் ஒன்று ஏற்கனவே உண்டு. இரண்டு காவலர்கள் ஒரே கதவில் நிற்கும்போது சில வேளைகளில் காரணமின்றிச் சுற்றுத் துண்டிக்கப்படும். காலையில் வேலைக்குப் புறப்படும்போது கார் வெறுமையாக இருக்கும். சுவரில் நேரடியாக இணைக்கப்படும் மின்னேற்றிக்குக் குதை இல்லை. ஆகவே குதைக்குரிய அந்த விதியும் இல்லை. தளரக்கூடிய பிடியும் இல்லை.

எதைத் தெரிவு செய்வது?

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் விடை, கடைக்காரர் சொல்லும் விடையிலிருந்து சற்று வேறுபட்டது. முதலில் கேட்கவேண்டியது நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்பதே. சாதாரண மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோவோற் மணி எடுக்கும் என்று கொள்ளலாம். கடுங்குளிரில் அது கணிசமாகக் கூடும். 20 அம்பியர் கொண்ட சிறிய 240 வோல்ற் சுற்று 3.84 கிலோவோற் தரும். எட்டு மணித்தியால உறக்கத்தில் அது 30 கிலோவோற் மணிக்கு மேல். ஏறத்தாழ 150 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு அது போதும். 30 அம்பியர் சுற்று தருவது 5.76 கிலோவோற். 50 அம்பியர் சுற்றின் 9.6 கிலோவோற் உண்மையில் தேவைப்படும் குடும்பங்கள் குறைவு. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் பிடியில் பிறக்கும் வெப்பம் நான்கில் ஒன்றாகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, வீட்டின் பிரதான மின் பலகை. பழைய வீடுகளில் 60 அம்பியர், பின்னர் வந்தவற்றில் 100, புதியவற்றில் 200 என்பது பொதுவான வளர்ச்சி. 100 அம்பியர் வீட்டில் அடுப்பும் உலர்த்தியும் குளிரூட்டியும் ஏற்கனவே இருக்குமானால், கணக்குப் பார்க்காமல் இன்னொரு 50 ஐச் சேர்க்க முடியாது. ஒன்ராறியோவில் 2018 இலிருந்து கட்டப்படும் புதிய வீடுகளின் கராஜ்களில் மின்னேற்றத்துக்கான முன்னேற்பாடு இருக்கவேண்டும் என்று கட்டட விதி கூறியது. 2019 இல் அது நீக்கப்பட்டது. ஆகவே வீடு புதியது என்பதால் எல்லாம் தயாராக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, காருக்கு மாத்திரமே என்றால் நேரடி இணைப்பே சிறந்தது. வெல்டிங்குக்கும் காற்றழுத்தியுக்கும் குதை வேண்டும் என்றால் 6 வரிசை போதும். சுற்றுலா வண்டி வைத்திருப்பவர்களுக்கு 14-50 தேவை. காருக்கு 14-50 தான் வேண்டும் என்றால் தொழிற்சாலைத் தரக் குதையும், வழமையான வீட்டுக் கேபிளாயின் 6 ஆம் இலக்கச் செப்புக் கம்பியும் போடவேண்டும். செருகியை நாள்தோறும் பிடுங்கி மாட்டக் கூடாது.

நான்காவது, வேலை செய்பவர். ஒன்ராறியோவில் கூலிக்கு இவ்வேலையைச் செய்யக்கூடியவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மாத்திரமே. வேலையைப் பற்றி மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, பரிசோதனைக்கு இடமளிக்கவும் வேண்டும். 'தெரிந்த பொடியன் ஒருவன் இருக்கிறான், பாதி விலைக்குச் செய்து தருவான்' என்பது எமது சமூகத்தில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. அந்தப் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம். ஆனால் பரிசோதகரின் தாள் இல்லாத வேலையில் தீப்பிடித்தால், காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதற் கேள்விக்கு அந்தக் குடும்பத்திடம் பதில் இருக்காது.

அடுப்புக்கும் உலர்த்திக்கும் வெல்டிங் யந்திரத்துக்கும் ஓய்வு உண்டு. அந்த ஓய்வை நம்பியே அவற்றின் கம்பிகளும் குதைகளும் அளக்கப்பட்டன. கராஜுக்கு இப்போது வந்திருக்கும் யந்திரத்துக்கு அது இல்லை. குதையின் மேல் பொறித்துள்ள அம்பியரைப் பார்ப்பதற்கு முன்னர், அது எத்தனை மணித்தியாலம் உழைக்கவேண்டியிருக்கும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கராஜுக்கு மேலேதான் பல வீடுகளில் பிள்ளைகளின் படுக்கையறை இருக்கிறது.